சாக்கெட் ஆப்ஷனுக்கு ஓஎஸ் கைவிரித்தால்

லினக்ஸில் மக்கர் பண்ணாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வீஸை விண்டோஸுக்கோ, மேக்குக்கோ, ஃப்ரீபிஎஸ்டிக்கோ கொண்டுபோகிறீர்கள். ஸ்டார்ட் கொடுத்த உடனே லாகில் ஒரு வரி வந்து விழுகிறது: ‘புரோட்டோகால் நாட் அவைலபிள்’. சில சமயம் ‘ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்’. பைத்தானாக இருந்தால் அதுகூட வராமல், சாக்கெட் மாட்யூலில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று அட்ரிபியூட்எரரில் நின்றுவிடும்.

இந்த இடத்தில் டீமில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். ஒருவர் நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போட்டு, ஃபயர்வாலைப் பார்க்கச் சொல்வார். இன்னொருவர் அந்த ஒரு வரியை ட்ரை–எக்செப்ட்டுக்குள் போட்டு மூடி, ‘ஃபிக்ஸ்ட்’ என்று எழுதிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போவார். இரண்டுமே தவறு. ஃபயர்வாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பாக்கெட்கூட இன்னும் மெஷினை விட்டு வெளியே போகவில்லை. புரோகிராம் தன் சாக்கெட்டுக்கு ஒரு குணத்தைக் கேட்டது, கர்னல் ‘என்னிடம் இல்லை’ என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். எரரை மூடிவைப்பது அதைவிட மோசம், ஏனென்றால் அந்தக் குணம் எதற்காகக் கேட்கப்பட்டது என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரிக்க வேண்டியது அதைத்தான். இந்த ஆப்ஷன் இல்லாமல் இந்த சர்வீஸ் சரியாக ஓடுமா, ஓடாதா? இதற்குப் பதில் தெரியாமல் கோடில் கை வைக்காதீர்கள்.

ஏன் இப்படி ஒவ்வொரு ஓஎஸ்ஸும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது? சாக்கெட் ஏபிஐ 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பிஎஸ்டியோடு வெளிவந்தது. செட்சாக்ஆப்ட் என்ற ஃபங்ஷனைப் பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் போகும் ஆப்ஷன்களில் சிலவற்றைத்தான் போசிக்ஸ் வரையறுத்தது. மற்றதை அவரவர் தேவைக்கு அவரவர் சேர்த்துக்கொண்டார்கள். டிசிபி_யூசர்_டைம்அவுட் லினக்ஸில் வந்தது. எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ர்யூஸ் விண்டோஸுடையது. எஸ்ஓ_நோசிக்பைப் மேக்கில் இருக்கிறது, லினக்ஸில் கிடையாது. ஃபங்ஷன் பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாமே ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எண்ணை நம்பாதீர்கள், பெயரைப் பாருங்கள்

எரர் வந்ததும் அதன் எண்ணைக் கூகிளில் தட்டுவது நம் எல்லோருக்கும் பழக்கம். இங்கே அது ஆளைத் திசைதிருப்பும். ‘புரோட்டோகால் நாட் அவைலபிள்’ என்ற ஈநோப்ரோட்டோஆப்ட் லினக்ஸில் 92. மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் அதே எரர் 42. விண்டோஸில் 10042. லினக்ஸில் 42 என்றால் மெசேஜ் க்யூ சம்பந்தப்பட்ட வேறொரு எரர். ஆகவே டிக்கெட்டில் எண்ணை மட்டும் எழுதாமல், பெயரையும் ஓஎஸ்ஸையும் சேர்த்தே எழுதுங்கள்.

பெயரைப் பார்த்தாலே பாதி வேலை முடியும். ஈநோப்ரோட்டோஆப்ட் என்றால் இந்த லெவலில் இப்படி ஓர் ஆப்ஷன் இல்லை. ஈஇன்வால் என்றால் பெரும்பாலும் ஆப்ஷன் இருக்கிறது. கொடுத்த மதிப்போ, அதன் சைஸோ, கேட்ட நேரமோ தப்பு. ஐபிவி6_வி6ஒன்லி போன்றவற்றை பைண்ட் செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். பைண்ட் ஆன பிறகு கேட்டால் ஈஇன்வால்தான் வரும். ஈபெர்ம் என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. அது கன்டெய்னரின் கேப்பபிலிட்டியைப் பார்க்க வேண்டிய கேஸ். மூன்றுக்கும் மூன்று வேறு வைத்தியம். ‘சாக்கெட் ஆப்ஷன் எரர்’ என்று மொத்தமாக எழுதிவைத்தால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, எந்த ஆப்ஷன் என்று கண்டுபிடிப்பது. லைப்ரரிக்குள் லைப்ரரி இருக்கும் காலத்தில் ஸ்டாக் ட்ரேஸ் அதைச் சொல்லாமல் போகலாம். லினக்ஸில் ஸ்ட்ரேஸைப் போட்டு, செட்சாக்ஆப்ட் அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். சைல்ட் பிராசஸையும் சேர்த்துப் பிடிக்க எஃப் கொடியை மறக்காதீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி கிடைக்கும்: முதலில் சாக்கெட்டின் எண், அடுத்து லெவல், அதற்கடுத்து ஆப்ஷன் பெயர், சதுர அடைப்புக்குள் மதிப்பு, கடைசியில் சைஸ், பிறகு மைனஸ் 1 என்று தோல்வியும் எரர் பெயரும். அந்த ஒரு வரியை அப்படியே டிக்கெட்டில் ஒட்டினால் ரெண்டு நாள் மெயில் போக்குவரத்து மிச்சம். ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலையை ட்ரஸ் செய்யும்.

ஃப்ரீபிஎஸ்டியைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. லினக்ஸுக்காகக் கம்பைல் செய்த பைனரியை அப்படியே ஓட்ட அதில் லினக்ஸுலேட்டர் என்ற அடுக்கு உண்டு. அது ஒரு ஆப்ஷனை மொழிபெயர்க்கத் தெரியாமல் விழிக்கும்போது கர்னல் லாகில் பளிச்சென்று எழுதிவிடும்: அன்சப்போர்ட்டட் செட்சாக்ஆப்ட், லெவல் இவ்வளவு, ஆப்ட்நேம் இவ்வளவு. பார்ப்பதற்குப் புரியாத எண்களாக இருக்கும். லெவல் 6, ஆப்ட்நேம் 18 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். லெவல் 6 டிசிபி. 18 என்ன என்று தேட ஃப்ரீபிஎஸ்டியின் ஹெடரைத் திறந்தால் வழி தவறிவிடும். கேட்டது லினக்ஸ் பைனரி, எண்ணும் லினக்ஸுடையது. லினக்ஸின் டிசிபி ஹெடரில் 18 என்பது டிசிபி_யூசர்_டைம்அவுட். இப்போது பேச ஒரு பெயர் கிடைத்துவிட்டது. லெவல் 1 என்று வந்தால் அது லினக்ஸின் பொது சாக்கெட் லெவல். அங்கே 15 என்றால் ரீயூஸ்போர்ட். கம்பாட்.லினக்ஸ்.டீபக் என்ற சிஸ்கண்ட்ரோலை 0 ஆக்கினால் இந்த வரிகள் மறையும். மறைந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில் சொல்வது எந்தக் கர்னல்?

இதைக் கேட்காமலே பலர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். மேக்கில் டாக்கர் டெஸ்க்டாப் ஓடுகிறது என்றால், கன்டெய்னருக்குப் பதில் சொல்வது மேக் கர்னல் அல்ல, உள்ளே ஓடும் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின். அதனால்தான் கன்டெய்னரில் ஓடுவது டெர்மினலில் நேரடியாக ஓட்டினால் விழுகிறது. டபிள்யூஎஸ்எல் 1இல் லினக்ஸ் கர்னலே கிடையாது. லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் மொழிபெயர்த்துத் தருகிறது. டபிள்யூஎஸ்எல் 2இல் அசல் லினக்ஸ் கர்னல் ஓடுகிறது. ஒரே லேப்டாப், ஒரே உபுண்டு, ஆனால் வெர்ஷன் 1ஆ 2ஆ என்பதைப் பொறுத்து ரிசல்ட் மாறும். வெர்ஷனைப் பார்க்க ஒரு கமாண்ட் போதும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஆர்ம் சிப் மெஷினில் இன்டெல் இமேஜை க்யூஇமு மூலம் ஓட்டும்போதும், ஜிவைசர் போன்ற சாண்ட்பாக்ஸுக்குள் ஓட்டும்போதும் இதே கதைதான். இடையில் நிற்கும் அடுக்குக்குத் தெரியாத ஆப்ஷன் என்றால், கீழே இருக்கும் அசல் கர்னலுக்குத் தெரிந்திருந்தும் பயனில்லை. யூநேம் காட்டும் பெயரை மட்டும் நம்பி முடிவுகட்ட முடியாது; லினக்ஸுலேட்டர் தன்னை லினக்ஸ் என்றே சொல்லிக்கொள்ளும், வெர்ஷனையும் சேர்த்து.

‘என் மெஷின்ல ஓடுதே’ என்பதற்கு நல்ல உதாரணம் விண்டோஸில் இருக்கிறது. சும்மா கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் கழித்துத் தட்டிப் பார்ப்பது என்று சொல்லும் டிசிபி_கீப்ஐடில் ஆப்ஷன் விண்டோஸ் 10இன் 1709 வெர்ஷனில்தான் வந்தது. விண்டோஸ் சர்வர் 2016 அதற்கு முந்தைய 1607 அடிப்படையில் அமைந்தது. டெவலப்பரின் லேப்டாப்பில் விண்டோஸ் 11. கிளையன்ட் டேட்டா சென்டரில் சர்வர் 2016. இரண்டுமே விண்டோஸ்தான், ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. அங்கே டபிள்யூஎஸ்ஏ ஐஓகன்ட்ரோல் வழியாக எஸ்ஐஓ_கீப்அலைவ்_வால்ஸ் என்ற பழைய பாதையில்தான் போக வேண்டும். அங்கே நேரத்தை மில்லிசெகண்டில் கொடுக்க வேண்டும், லினக்ஸில் செகண்டில். அந்த மாற்றத்தை மறந்தால் 5 நிமிடம் என்று நினைத்துக் கொடுத்த 300, அரை செகண்டுக்கும் குறைவாகப் போய்விடும்.

தேவையா, வசதியா?

இனி முடிவெடுக்கும் இடம். டிசிபி ஃபாஸ்ட் ஓப்பன் கிடைக்கவில்லை என்றால் இணைப்பு தொடங்குவதில் ஒரு ரவுண்ட் ட்ரிப் கூடுதலாகும். சர்வீஸ் தப்பாக எதையும் செய்யாது. அதை வசதிக் கணக்கில் வையுங்கள். லாகில் ஒரு வார்னிங் எழுதிவிட்டுத் தொடரலாம்.

கீப்அலைவ் அப்படியல்ல. பொதுவாக ஓஎஸ்களின் டீஃபால்ட்படி, சும்மா கிடக்கும் இணைப்பை 2 மணி நேரம் கழித்துத்தான் தட்டிப் பார்க்கும். நடுவில் இருக்கும் லோட் பேலன்சர்களோ அவ்வளவு பொறுமையானவை அல்ல. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரின் டீஃபால்ட் டிசிபி ஐடில் டைம்அவுட் 350 செகண்ட். அஷூர் லோட் பேலன்சரில் 4 நிமிடம். கீப்ஐடில் ஆப்ஷன் போகாமல், நீங்களும் எரரை விழுங்கிவிட்டால், சர்வீஸ் அழகாக ஸ்டார்ட் ஆகும், டெஸ்ட் எல்லாம் பச்சையாகும். சாப்பாட்டு நேரத்தில் யாரும் பயன்படுத்தாமல் விட்டுத் திரும்பி வந்தால் டேட்டாபேஸ் இணைப்புகள் செத்துக் கிடக்கும். இது தேவை. கிடைக்கவில்லை என்றால் மாற்று வழி பார்க்க வேண்டும்: மேக்கில் இதே வேலைக்கு டிசிபி_கீப்அலைவ் என்று வேறு பெயர், பைத்தான் 3.10இலிருந்து அந்தப் பெயர் மாட்யூலில் கிடைக்கிறது. எதுவுமே இல்லாத இடத்தில் அப்ளிகேஷனே குறித்த இடைவெளியில் ஒரு ஹார்ட்பீட் அனுப்ப வேண்டும். டிசிபி_யூசர்_டைம்அவுட் இல்லாத இடத்திலும் அப்ளிகேஷன் அளவில் டைம்அவுட் வைப்பதே நம்பகமான வழி.

ரீயூஸ்போர்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் அதில் சண்டை அதிகம். லினக்ஸ் 3.9இல், 2013இல் வந்த இந்த ஆப்ஷன், ஒரே போர்ட்டில் பல பிராசஸ் கேட்டுக்கொண்டிருக்க விட்டு, வரும் இணைப்புகளை அவற்றுக்குள் பிரித்துத் தரும். ஒரே வொர்க்கர் ஓடும் டெவலப்பர் மெஷினில் அது இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது. நான்கு வொர்க்கர் ஒரே போர்ட்டில் பைண்ட் செய்யும் டிசைன் என்றால், அது இல்லாமல் இரண்டாவது வொர்க்கரே எழும்பாது. விண்டோஸில் இந்தப் பெயரே கிடையாது. மேக்கில் பெயர் இருக்கிறது, எரரும் வராது, ஆனால் டிசிபி இணைப்புகளை லினக்ஸ் போலப் பிரித்துத் தராது. ஃப்ரீபிஎஸ்டி அந்தப் பிரிக்கும் வேலைக்கு 12ஆம் வெர்ஷனில் எல்பி என்று முடியும் தனி ஆப்ஷன் கொடுத்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி என்ஜின்எக்ஸ். ரீயூஸ்போர்ட் இல்லாத ஓஎஸ்ஸில் கான்ஃபிகில் அதைக் கேட்டால், இந்தப் பிளாட்ஃபார்மில் இல்லை, கண்டுகொள்ளவில்லை என்று லாகில் உரக்க எழுதிவிட்டு, மேலே ஓடும். சாகவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஆபரேஷன்ஸ் ஆள் ஒரு வரியைப் படித்து நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

எரர் வராத கேஸ்தான் ஆபத்து

‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் கர்னல் நேர்மையானது. வாங்கிக்கொண்டு வேறு எதையோ செய்யும் கேஸில்தான் வாரக்கணக்கில் தூக்கம் போகும்.

யாரோ ஒருவர் பெயருக்குப் பதிலாக எண்ணையே கோடில் எழுதிவைத்திருக்கிறார்: டிசிபி லெவல், ஆப்ஷன் 4, மதிப்பு 60. லினக்ஸில் 4 என்றால் கீப்ஐடில். 60 செகண்டில் தட்டிப் பார்க்கும். அதே கோடு மேக்கிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ ஓடினால் எரர் வராது. அங்கே டிசிபி லெவலில் 4 என்றால் டிசிபி_நோபுஷ். பாக்கெட் நிரம்பும்வரை டேட்டாவை அனுப்பாமல் பிடித்துவைக்கச் சொல்லும் ஆப்ஷன். கீப்அலைவ் கேட்டவருக்குக் கிடைத்தது தாமதம். ரிட்டர்ன் மதிப்பு 0, எல்லாம் வெற்றி. ஹெடரில் இருக்கும் பெயரைப் பயன்படுத்தியிருந்தால், மேக்கில் அந்தப் பெயர் இல்லை என்று கம்பைலரே பிடித்திருக்கும்; ஃப்ரீபிஎஸ்டியில் அந்த ஓஎஸ்ஸுக்குரிய சரியான எண்ணே போயிருக்கும்.

எஸ்ஓ_ஆர்சிவிடைமோவில் இன்னொரு பொறி. யூனிக்ஸ் குடும்பத்தில் இதற்கு செகண்ட், மைக்ரோசெகண்ட் இரண்டும் கொண்ட டைம்வால் ஸ்ட்ரக்சர் கொடுக்க வேண்டும். விண்டோஸ் எதிர்பார்ப்பது மில்லிசெகண்டில் ஒரே முழு எண். 5 செகண்ட் என்று நிரப்பிய ஸ்ட்ரக்சரை விண்டோஸிடம் கொடுத்தால், அது முதல் நான்கு பைட்டை மட்டும் படித்து 5 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொள்ளும். நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று புகார் வரும். நெட்வொர்க்கில் ஒரு குறையும் இருக்காது.

ரீயூஸ்அட்ரஸ் இவற்றில் எல்லாம் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஏனென்றால் அது செக்யூரிட்டி விஷயம். லினக்ஸில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும்போது பழைய இணைப்புகள் 60 செகண்ட் டைம்_வெயிட்டில் கிடந்தாலும் போர்ட்டைத் திரும்ப எடுக்க அது உதவுகிறது. சர்வர் எழுதும் எல்லோரும் யோசிக்காமலே போடுவார்கள். விண்டோஸில் அதே பெயர், ஒரு புரோகிராம் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டிலேயே இன்னொன்றும் வந்து உட்கார வழிவிடுகிறது. இணைப்பு யாரிடம் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விண்டோஸில் சர்வர் எழுதினால் எஸ்ஓ_எக்ஸ்க்ளூசிவ்அட்ர்யூஸ் போடுங்கள். பைத்தானின் அசிங்க்ஐஓ சர்வர் ரீயூஸ்அட்ரஸைத் தானாகப் போடுவதை யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸோடு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு.

ஆகவே முக்கியமான ஆப்ஷனைப் போட்ட பிறகு கெட்சாக்ஆப்ட் மூலம் திரும்பப் படித்து லாகில் எழுதுங்கள். திரும்பி வரும் மதிப்பு அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்: லினக்ஸ், ரிசீவ் பஃபருக்குக் கேட்டதை இரண்டு மடங்காக்கி வைத்துக்கொள்ளும், ஆர்மெம்_மேக்ஸ் வரம்புக்கு மேல் கேட்டால் சத்தமில்லாமல் குறைத்துவிடும்.

கோடிலும் டிக்கெட்டிலும்

சாக்கெட் ஆப்ஷன் போடும் கோடு ரெப்போ முழுக்கச் சிதறிக் கிடக்க வேண்டாம். ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு ஆப்ஷனோடும் ‘கட்டாயம்’ அல்லது ‘இருந்தால் நல்லது’ என்ற குறிப்பு போகட்டும். கட்டாயமானது தோற்றால் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகாமல், ஆப்ஷன் பெயரைச் சொல்லி நிற்கட்டும். மற்றது தோற்றால் ஒரே ஒரு முறை வார்னிங்.

‘இது விண்டோஸா’ என்று ஓஎஸ் பெயரைக் கேட்டுக் கிளை பிரிப்பதைவிட ‘இந்த ஆப்ஷன் இருக்கிறதா’ என்று கேட்பது நீண்ட நாள் நிற்கும். பைத்தானில் ஹாஸ்அட்ர் போதும். ஜாவா சேனல்களில் சப்போர்ட்டட்ஆப்ஷன்ஸ் என்ற மெத்தட் இருக்கிறது. சி மொழியில் இஃப்டெஃப் போட்டதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். அது கம்பைல் செய்த மெஷினின் ஹெடரைத்தான் சொல்கிறது. ஓடும் மெஷினின் கர்னல் பழையதாக இருந்தால் பெயர் இருந்தும் எரர் வரும். ரிட்டர்ன் மதிப்பைப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. நீங்கள் எந்தெந்த ஓஎஸ்ஸில் ஓடும் என்று கிளையன்டிடம் சொல்கிறீர்களோ, அத்தனையிலும் சிஐ ஓட வேண்டும். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுமே கிடைக்கின்றன.

டிக்கெட்டை மூடும்போது ‘என்விரான்மென்ட் இஷ்யூ’ என்ற இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள். ஓஎஸ், கர்னல் வெர்ஷன், நடுவில் அடுக்கு ஏதாவது உண்டா, லெவலும் ஆப்ஷனும், எரரின் பெயர், அது இல்லாவிட்டால் என்ன நடக்கும், நீங்கள் எடுத்த முடிவு. இவ்வளவும் நான்கைந்து வரிதான். உதாரணமாக இப்படி: ‘விண்டோஸ் சர்வர் 2016இல் டிசிபி_கீப்ஐடில் இல்லை. இது இல்லாவிட்டால் லோட் பேலன்சர் 4 நிமிடத்தில் இணைப்பை வெட்டிவிடும். எஸ்ஐஓ_கீப்அலைவ்_வால்ஸ் மூலம் 2 நிமிடமாக வைத்திருக்கிறோம். 30 நிமிடம் சும்மா விட்டுச் சோதித்தோம், இணைப்பு உயிரோடு இருக்கிறது.’ மேனேஜருக்கு முதல் இரண்டு வரி போதும், அடுத்த இன்ஜினியருக்கு மீதி. இப்படி எழுதுகிறவரைத்தான் அடுத்த மைக்ரேஷன் பிராஜெக்டுக்குக் கூப்பிடுவார்கள்.

பேக்எண்ட் இன்டர்வியூவிலும் இது கேட்கப்படும் விஷயம். ரீயூஸ்அட்ரஸுக்கும் ரீயூஸ்போர்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மனப்பாடமாக ஒரு வரி சொல்பவர்கள் நிறையப் பேர். ‘எந்த ஓஎஸ்ஸில்?’ என்று திருப்பிக் கேட்டு, லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் என்ன நடக்கும் என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் சாக்கெட்டோடு மல்லுக்கட்டியவராக இருந்தால், பேச்சு அங்கிருந்து வேறு தளத்துக்குப் போகும்.

நாளை ஆபீஸ் போனதும் உங்கள் ரெப்போவில் செட்சாக்ஆப்ட் என்று ஒரு தேடல் போட்டுப் பாருங்கள். எண்ணாக எழுதியிருப்பதைப் பெயராக மாற்றுங்கள், ரிட்டர்ன் மதிப்பைப் பார்க்காத இடங்களில் பார்க்கவையுங்கள். ஏன் போட்டோம் என்று டீமில் யாருக்கும் தெரியாத ஆப்ஷன் இருந்தால், அதை எழுதியவர் வேலையை விட்டுப் போவதற்குள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.